ஃப்ளை லைன், லீடர் தேர்வு: ராமநாதபுரம் கரைக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினத்தில் தொடங்கி மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி சுற்றி ஏர்வாடி, வாலிநோக்கம் வரை கரையில் நின்று மீனுக்கு ஃப்ளை என்கிற செயற்கை இரையை வீசப் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஃப்ளை ஃபிஷிங் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பாதிக்கு மேல் குளிர்நாட்டு ஆற்று மீனை மனதில் வைத்து எழுதியவை. அவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பணம்தான் வீணாகும். நம் கரையில் லைனையும் லீடரையும் தீர்மானிப்பவை மூன்று: வெயில், காற்று, மீனின் பல்.

கீழே 'லைன்' என்று வரும் இடமெல்லாம் ஃப்ளை லைன். 'நரம்பு' என்றால் ஒற்றை இழை நைலான் அல்லது ஃப்ளோரோகார்பன்.

ரீலில் சாதாரண நைலான் நரம்பையே சுற்றி ஃப்ளையை வீசினால் என்ன? தனியா லைன் எதுக்கு?

வீச முடியாது. ஈயக்குண்டு போட்ட தூண்டிலில் குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை என்பது முள்ளில் கட்டிய இறகும் முடியும்தான். அதற்கு இழுக்கும் எடை கிடையாது. அதனால் எடையை லைனுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். லைன்தான் சாட்டைபோல உருண்டு விரிந்து போகிறது, ஃப்ளை அதன் வாலில் தொற்றிக்கொண்டு போகிறது.

ரீலிலிருந்து வரிசையாகச் சொன்னால்: முதலில் பேக்கிங் என்கிற மெல்லிய கயிறு, அடுத்து 27 முதல் 30 மீட்டர் லைன், அடுத்து லைனின் முனையில் கட்டும் நரம்பான லீடர், லீடரின் மெல்லிய கடைசித் துண்டான டிப்பெட், தேவைப்பட்டால் பல்லுக்குத் தாங்கும் ஒரு சிறு துண்டு, பிறகு ஃப்ளை.

பெட்டியில 'டபிள்யூஎஃப் 9 எஃப்'னு போட்டிருக்கு. இதை எப்படிப் படிக்கிறது?

முதல் இரண்டு எழுத்து வடிவம்: எடை முன்பக்கம் குவிந்த லைன். கடலுக்கு இதுதான். இரண்டு முனையும் ஒரே மாதிரிச் சரியும் 'டிடி' வகை ஆற்றில் மென்மையாகப் போடுவதற்கு. காற்றில் அது உதவாது. கடைசி எழுத்து 'எஃப்' என்றால் மிதக்கும், 'ஐ' என்றால் மெதுவாக அமிழும், 'எஸ்' என்றால் மூழ்கும்.

நடுவில் இருக்கும் எண் எடை. லைனின் முதல் 30 அடி, அதாவது சுமார் 9 மீட்டர், எத்தனை கிரெய்ன் (ஒரு சிறிய எடை அலகு) என்பதை வைத்து அந்த எண் வருகிறது. 8 என்றால் 210 கிரெய்ன், 9 என்றால் 240, 10 என்றால் 280. கிராமில் ஏறத்தாழ 13.6, 15.6, 18.1. கடல் லைன்கள் பலவற்றைச் சொன்ன எண்ணுக்கு அரை எண் முதல் ஒரு எண் வரை கனமாகவே செய்கிறார்கள். ஆகவே பெட்டியின் பின்புறம் கிரெய்ன் கணக்கு இருந்தால் அதைப் பாருங்கள். ஏற்கெனவே கனமான '9' வாங்கி, 'ஒரு எண் கூட்டிப் போடு' என்ற பழைய அறிவுரையையும் சேர்த்துக்கொண்டால் ராடு (தூண்டில் கம்பு) துவண்டுவிடும். லைன் விரியும் வளையம் அகன்று காற்றில் சிக்கும்.

நம்ம கரைக்கு எத்தனையாம் நம்பர் வாங்கணும்? எங்கிட்ட 6 இருக்கு, போதாதா?

காற்று அசையாத விடியற்காலையில், தேவிபட்டினம் பக்கத்து ஆழமில்லாத நீரில், சின்ன மீனுக்குப் போதும். மற்ற நேரமெல்லாம் 9 வாங்குங்கள். 8 சமாளிக்கும், ஆனால் காற்று ஏறியதும் கை ஓயும். கட்டா, நடுத்தரப் பாறை மீன், ஊளி ஆகிய மீன்களுக்கு வீசும் ஃப்ளை 6 முதல் 10 செ.மீ. நீளம், நனைந்த பிறகு அதைச் சுமந்து விரிய 240 கிரெய்ன் வேண்டியிருக்கிறது. பெரிய பாறை மீன் மட்டுமே குறி என்றால் 11, 12 எண்ணுக்குப் போக வேண்டும். அதை நாள் முழுக்க வீசத் தோள் பழக வேண்டும். முதல் ராடாக வேண்டாம்.

எண்ணைவிடவும் உதவுவது நிற்கும் கரையை மாற்றுவது. சோழகமும் (தெற்குக் காற்று) கச்சானும் (மேற்கு, தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும். அப்போது மண்டபத்தின் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் நின்றால் காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழ். மண்டபம் முனையிலும் ராமேஸ்வரம் தீவிலும் இரண்டு கடலும் அருகருகே இருப்பது ஃப்ளை வீசுகிறவருக்குக் கிடைத்த பெரிய வசதி.

'டிராபிக்கல்'னு போட்டுக் கூட விலை கேக்குறாங்க. வெறும் விளம்பரமா?

இல்லை. இந்தக் கரையில் இந்த ஒரு செலவை மட்டும் குறைக்காதீர்கள். லைன் என்பது ஒரு நடு இழை, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. குளிர்நாட்டு லைனின் இழையும் உறையும் சில்லென்ற நீரிலும் சுருளாமல் இருக்க மிருதுவாகச் செய்யப்பட்டவை. இங்கே மே மாத வெயிலில் அது இன்னும் இளகி, ராடின் வளையங்களில் ஒட்டி இழுக்கும். கையிலிருந்து விட்ட லைன் பாதியில் நின்றுவிடும். 'என் வீச்சு சரியில்லை' என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களில் பலருக்குக் கோளாறு லைனில்தான்.

டிராபிக்கல் லைனில் நடு இழை விறைப்பு, உறையும் கெட்டி. அதற்கு ஒரு குணம் உண்டு: குளிரூட்டிய அறையிலோ ரீலிலோ கிடந்து எடுத்ததும் கம்பிச் சுருள்போல வரும். வீசுவதற்கு முன் இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து, பகுதி பகுதியாக மெதுவாக இழுத்துப் பிடித்தால் நேராகிவிடும். தனியாக இருந்தால் ஒரு கம்பத்தைச் சுற்றிக்கொண்டு இழுங்கள்.

மிதக்குறதா, மூழ்குறதா? ஒண்ணுதான் வாங்க முடியும்.

ஒன்றுதான் என்றால் மிதக்கும் லைன். பாக் நீரிணையின் கரைப்பகுதி பல இடங்களில் வெகுதூரம் இடுப்பளவுதான் இருக்கும், அடியில் கடற்புல். மூழ்கும் லைன் அங்கே ஒவ்வொரு இழுப்பிலும் புல்லை வாரிக்கொண்டு வரும். மிதக்கும் லைனை நீரிலிருந்து தூக்கி உடனே மறுபடி வீசலாம். பழகுகிறவருக்கு அதுவும் வசதி.

இரண்டாவது லைன் வாங்கும்போது மெதுவாக அமிழும் வகை, நொடிக்கு 2 முதல் 5 செ.மீ. இறங்குவது. தென்கடல் பக்கம் சிற்றலை இடைவிடாமல் இருக்கும்போது மிதக்கும் லைன் அலைமேல் ஏறி இறங்கும்; இடையில் தொய்வு விழும்; மீன் தொட்டுவிட்டுப் போவது கைக்குத் தெரியாது. அமிழும் லைன் அலைக்குக் கீழே நேராக நிற்கும். மெலிதாக இருப்பதால் காற்றையும் நன்றாக வெட்டும். வேகமாக மூழ்கும் லைன் ஆழமான கால்வாய்க்கும் படகுக்கும் ஆனது, கரைக்குத் தேவையில்லை.

பேக்கிங் கண்டிப்பா வேணுமா? லூர் ரீல்ல இருந்த பிரெய்டு கொஞ்சம் மீதி இருக்கு, அதைப் போடலாமா?

வேண்டும். லைன் 30 மீட்டரோடு முடிந்துவிடும். ஒரு நல்ல கட்டா ஓடினால் முதல் ஓட்டத்திலேயே அதைத் தாண்டும். 9 எண் ரீலில் 30 பவுண்டு டேக்ரான் (பாலியெஸ்டர் பின்னல் கயிறு) 150 முதல் 200 மீட்டர் போடுங்கள்.

பிரெய்டும் (மெல்லிய பின்னல் நூல்) போடலாம், 50 பவுண்டுக்குக் குறையாமல். அதற்கும் குறைந்தால் வலு போதாது என்பதல்ல காரணம். மெல்லிய பிரெய்டு இழுவையில் தன் சுற்றுகளுக்குள்ளேயே புதைந்து இறுகிவிடும், அடுத்த ஓட்டத்தில் வெளியே வராமல் சிக்கும். விரலையும் அறுக்கும். ஈரத்துணியால் பிடித்து நல்ல இழுவையோடு சுற்றுங்கள். ரீலின் அச்சில் வழுக்காமலிருக்க முதலில் ஒரு சுற்று ஒட்டும் டேப். மீதி இருக்கும் பிரெய்டு பழையது என்றால் ஒரு முழம் வெட்டி, முடிச்சுப் போட்டுத் தராசில் இழுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லீடர் எவ்வளவு நீளம்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

லைனைப் பொறுத்தது. மிதக்கும் லைனுக்கு 2.7 மீட்டர், காற்று ஏறினால் 2 மீட்டர். அமிழும் லைனுக்கு 1.2 முதல் 1.8 மீட்டர் போதும். அதில் நீளமாகக் கட்டினால் லைன் கீழே போகும், ஃப்ளை மேலேயே நிற்கும், நடுவில் ஒரு வளைவு விழும்.

ஆழமில்லாத தெளிந்த நீரில், காற்றில்லாத நாளில், மீன் வெருளுகிறது என்றால் 3.5 மீட்டர் வரை போகலாம். ஆனால் நீளமான லீடர் நேராக விரியாமல் குவியலாக விழுந்தால், குட்டை லீடர் நேராக விழுவதைவிட அது மோசம்.

கடையில விக்கிற கைத்தூண்டில் நரம்பை வாங்கி லீடரை நானே கட்டிக்கலாமா?

தாராளமாக. வாங்கும்போது பவுண்டை மட்டும் கேட்காமல் மி.மீ. பாருங்கள். ஒரே பவுண்டு போட்ட இரண்டு நரம்பு வேறு வேறு தடிமனில் இருக்கும். லீடரில் தடிமன்தான் வேலை செய்கிறது. 9 எண் மிதக்கும் லைனுக்கு நன்றாக விரியும் ஓர் அளவு:

அடித்துண்டு 0.70 மி.மீ. நைலான், 1.5 மீட்டர். நடுத்துண்டு 0.55 மி.மீ. நைலான், 60 செ.மீ. டிப்பெட் 20 பவுண்டு ஃப்ளோரோகார்பன், ஏறத்தாழ 0.40 மி.மீ., 60 செ.மீ. காற்று நாளுக்கு இதையே 1 மீட்டர், 45 செ.மீ., 55 செ.மீ. என்று வெட்டுங்கள்.

நடுத்துண்டு வீண் என்று விட்டுவிட்டு 0.70-லிருந்து நேரே 0.40-க்கு இறங்குகிறவர்கள் உண்டு. அந்த இடத்தில் விசை அறுந்து லீடர் கதவுக்கீல்போல மடியும், ஃப்ளை பின்னால் விழும். அடித்துண்டு பொருந்துகிறதா என்று பார்க்க எளிய வழி: லைனின் முனையும் அடித்துண்டும் சேரும் இடத்தை இரண்டு கையால் பிடித்து வளைத்துப் பாருங்கள். ஒரே வளைவாக வந்தால் சரி. இணைப்பில் முட்டி மாதிரி மடிந்தால், நரம்பு அதிக மெலிது அல்லது அதிக மிருது. கைத்தூண்டில் நரம்பில் சில வகை மிக மிருதுவாக இருக்கும். மீனை இழுக்க அது நல்லது, அடித்துண்டுக்கு ஆகாது.

ஃப்ளோரோகார்பன் தண்ணியில தெரியவே தெரியாதுங்கிறாங்களே, முழு லீடரும் அதுலயே கட்டினா?

தெரியாது என்பது மிகை. ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, ஃப்ளோரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.5-க்குச் சற்று மேல். நைலானைவிட நீருக்கு நெருக்கம், அவ்வளவுதான். இங்கே அதற்குக் கொடுக்கும் காசு உரசல் தாங்குவதற்காக: சிப்பி ஒட்டிய கல், பார் (கடலடிக் கல்திட்டு), மீனின் செவுள் ஓரம். நீரை உறிஞ்சாது, வெயிலிலும் நைலான்போலச் சீக்கிரம் கெடாது.

முழு லீடரும் வேண்டாம். அதன் அடர்த்தி 1.78, கடல் நீருக்கு 1.03 அளவில், ஆகவே அது மூழ்கும். மேலே மிதக்க வேண்டிய ஃப்ளையைத் தலைகுப்புற இழுக்கும். அடித்துண்டும் நடுத்துண்டும் நைலான், டிப்பெட் மட்டும் ஃப்ளோரோகார்பன். மேல்நீரில் தெறித்துக்கொண்டு வரும் ஃப்ளை போடும் நாளில் டிப்பெட்டையும் நைலானாக்கிவிடுங்கள்.

40 பவுண்டு டிப்பெட் போட்டா மீன் அறுத்துக்கிட்டுப் போகாதுல்ல?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். லைனுக்குள் இருக்கும் நடு இழைக்கும் ஓர் அளவு உண்டு. சாதாரணக் கடல் லைன்களில் 20 அல்லது 30 பவுண்டு. 40 பவுண்டு டிப்பெட்டைக் கட்டினால் அறுவது டிப்பெட்டாக இருக்காது. லைனோ, லைனும் பேக்கிங்கும் சேரும் இடமோதான் அறும். உங்களுக்கு லைன் போகும். மீன் 30 மீட்டர் பிளாஸ்டிக் கயிற்றை இழுத்துக்கொண்டு போய்ப் பாரில் சிக்கிச் சாகும்.

ஆகவே தொடர் முழுவதிலும் மெலிந்த இடம் டிப்பெட்டாகத்தான் இருக்க வேண்டும்: பேக்கிங் 30 பவுண்டு, லைன் இழை 30, டிப்பெட் 20. இழை 20 என்றால் டிப்பெட் 16. பெரிய பாறைக்கென்று வரும் லைன்களில் இழை 50 பவுண்டுக்கு மேல் இருக்கும். 40-ஐ அவற்றில் மட்டும் கட்டுங்கள். ரீலின் பிடியை (லைன் வெளியே ஓடாமல் தடுக்கும் இறுக்கத்தை) டிப்பெட் வலுவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வையுங்கள். 20 பவுண்டு என்பது 9 கிலோ. கைத்தராசில் கொக்கியை மாட்டி இழுக்கும்போது 2.25 முதல் 3 கிலோவில் ரீல் லைனை விட வேண்டும்.

ஊளி மாட்டுச்சு, ஒரே வெட்டு. ஃப்ளையோட போயிடுச்சு. வயர் கட்டுறது எப்படி?

ஊளிக்கும், இங்கே சீலா என்று சொல்லும் வஞ்சிரத்துக்கும், வயர் இல்லாமல் நம்பிக்கையாக வீச முடியாது. நீளம் 12 முதல் 15 செ.மீ. போதும், அதற்கு மேல் வீச்சு கெடும். இரண்டு வகை உண்டு. முடிச்சுப் போடக்கூடிய பல இழை வயர், 20 முதல் 30 பவுண்டு: டிப்பெட்டோடு ஆல்பிரைட் முடிச்சு, ஃப்ளையில் எட்டு வடிவ முடிச்சு. கட்டுவது எளிது, ஆனால் ஒரு மீனுக்குப் பிறகு இழை பிரிந்து சுருளும், உடனே மாற்றுங்கள்.

மற்றது ஒற்றை இழை எஃகு, 0.30 முதல் 0.33 மி.மீ. இதில் முடிச்சு விழாது. ஃப்ளையின் காதில் நுழைத்து, இரண்டு கம்பியும் ஒன்றையொன்று பின்னும்படி மூன்று நான்கு முறுக்கு; பிறகு நுனியை மட்டும் செங்குத்தாகத் திருப்பி நெருக்கமாக நான்கைந்து சுற்று. மிச்சத்தை இடுக்கியால் வெட்டாதீர்கள், கூர் நிற்கும், கையைக் கிழிக்கும். நுனியை மடித்துக் கைப்பிடிபோலாக்கி முன்னும் பின்னும் ஆட்டினால் அடியோடு ஒடியும். முதல் பின்னல் இல்லாமல் நெருக்கச் சுற்று மட்டும் போட்டால் இழுவையில் உருவிக்கொள்ளும். மறுமுனையில் இதேபோல ஒரு சிறு கண்ணி, அதில் டிப்பெட்டைக் கட்டுங்கள். நடுவில் ஸ்விவல் (சுழலும் உலோக இணைப்பு) வேண்டாம்: வீச்சில் அந்த இடம் மடியும், அது மின்னுவதைப் பார்த்து இன்னொரு ஊளி அங்கேயே வெட்டும்.

வயர் போட்டதுல இருந்து பாறை வரவே மாட்டேங்குது. என்ன பண்றது?

வயரைக் கழற்றுங்கள். பாறைக்கும் கட்டாவுக்கும் அறுக்கும் பல் கிடையாது. உரசித் தேய்க்கும் வாய்தான். டிப்பெட்டுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் 50, 60 பவுண்டு ஃப்ளோரோகார்பன் 30 செ.மீ. கட்டினால் போதும். இது மெலிந்த இடத்தை மாற்றாது. நடுவில் 20 பவுண்டு டிப்பெட் அப்படியே இருக்கிறது.

எது வரும் என்று தெரியாத நாளில் இந்தத் துண்டோடு தொடங்குங்கள். ஊளி ஒன்றிரண்டு தலைகாட்டினால் வயருக்கு மாறுங்கள். வயரோடு வீசும்போது ஃப்ளையை வேகமாக இழுங்கள், மீனுக்கு நின்று பார்க்க நேரம் கொடுக்கக் கூடாது.

எந்த இடத்துல எந்த முடிச்சு?

பேக்கிங்கும் லைனும்: இரண்டிலும் கண்ணி இருந்தால் கண்ணிக்குள் கண்ணி. பேக்கிங் கண்ணியை ரீலே நுழையும் அளவு பெரிதாக வையுங்கள், லைன் மாற்றும்போது வெட்ட வேண்டியதில்லை. லைனும் அடித்துண்டும் அப்படியே. இழுத்து முடிக்கும்போது இரண்டு கண்ணியும் கைகோத்ததுபோலச் சமமாக இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றின் கழுத்தைச் சுற்றியிருந்தால் லைன் உறையை அது அறுக்கும். கண்ணி கிழிந்துபோன லைனுக்கு ஆணி முடிச்சு.

லீடர் துண்டுகளுக்குள் பிளட் முடிச்சு அல்லது இரட்டை யூனி. கனத்த ஃப்ளோரோகார்பனை டிப்பெட்டோடு சேர்க்க ஆல்பிரைட். ஃப்ளையில் இறுகாத கண்ணி முடிச்சு; ஃப்ளை அதில் தாராளமாக ஆடும். எதுவானாலும் எச்சிலோ நீரோ தொட்டு, மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த ஃப்ளோரோகார்பனை வெடுக்கென்று இழுத்தால் சூட்டில் அங்கேயே கெட்டுவிடும், வெளியே தெரியாது.

லீடர்ல தானாவே முடிச்சு விழுந்துடுது. அவிழ்த்துட்டு வீசலாமா?

இறுகவில்லை என்றால் அவிழ்க்கலாம். இறுகியிருந்தால் அந்தத் துண்டை மாற்றுங்கள். வெறும் ஒற்றை முடிச்சு நரம்பின் வலுவைப் பாதி அளவுக்குக்கூடக் குறைத்துவிடும். முன்வீச்சில் தொடக்கத்திலேயே வெடுக்கென்று பலம் கொடுப்பதுதான் பெரும்பாலும் காரணம். ராடின் நுனி தாழ்ந்து எழும், லைன் தன்மேலேயே குறுக்கே விழும். காற்றை எதிர்க்கும்போது எல்லோரும் செய்வது. பலத்தைக் கூட்டாமல் லீடரை மேலே சொன்ன 2 மீட்டருக்குக் குறையுங்கள்.

கையில இழுத்த லைன் எல்லாம் பாசியிலயும் சிப்பியிலயும் மாட்டுது.

இடுப்பில் ஒரு கூடை கட்டுங்கள். 30, 35 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் பேசின், இரண்டு பக்கம் துளை, ரப்பர் பட்டை. அடியில் சிறு துளைகள் போட்டு, தடித்த நைலான் நரம்புத் துண்டுகளை விரல் உயரத்துக்கு நட்டு வையுங்கள். லைன் சுருள்கள் ஒன்றோடொன்று பிணையாது. கல்லிலும் சிப்பியிலும் லைனை மிதிப்பதுதான் உறை கிழிய முதல் காரணம்.

புதுசா வாங்கி ஒரு சீசன்தான் ஆச்சு, இப்பவே வழுக்க மாட்டேங்குது. லைன் போயிடுச்சா?

பெரும்பாலும் உப்பும் தூசியும்தான். வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு மென்மையான சோப்பு, பத்து நிமிடம் ஊறல், ஈரத்துணிக்குள் இரண்டு தடவை இழுத்து, நல்ல நீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். வெடிப்பு தெரிந்தால், அதுவும் முன்பக்கம் 10 மீட்டருக்குள் என்றால், மாற்ற வேண்டியதுதான். மிதக்கும் லைனின் முனை வெடிப்பு வழியாக நீர் குடித்து அமிழத் தொடங்கும்.

கொசுவிரட்டிக் களிம்பில் இருக்கும் டீட் லைன் உறையைக் கரைக்கும். வெயில் களிம்பும் பெட்ரோலும் அதே. தடவியிருந்தால் கையை மணலும் நீரும் கொண்டு தேய்த்துக் கழுவிய பிறகே லைனைத் தொடுங்கள். வண்டியின் பெட்டிக்குள் நாள் முழுக்க வெயிலில் வைக்காதீர்கள்.

தீவுப் பக்கம் பார்ல களவா மீன் இருக்குமே, அங்கே போய் வீச என்ன லீடர்?

எந்த லீடரும் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பார்களும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கே மீன்பிடிக்கக் கூடாது. பொதுக் கரையிலிருந்து கால்நடையாகப் போகும் இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனையிலும் பாம்பன் கால்வாய் ஓரத்திலும் நீரோட்டம் வலுவானது, நீரில் இறங்காமல் கரையில் நின்றே வீசுங்கள்.

கரையோரக் கல்லில் களவா மாட்டினால், டிப்பெட்டைத் தடிமனாக்குவதற்குப் பதில் மாட்டிய நொடியிலேயே லைனைக் கையால் இறுக்கிப் பிடித்துப் பின்னால் நடங்கள். அது பொந்துக்குள் போன பிறகு 20 பவுண்டும் ஒன்றுதான், 40 பவுண்டும் ஒன்றுதான்.

வெட்டிப்போட்ட நரம்புத் துண்டை என்ன செய்யறது? சின்னதுதானே?

வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஆமையும் ஆவுளியாவும் (கடற்பசு) மேயும் கடற்புல் இது. ஃப்ளோரோகார்பன் மூழ்கி அந்தப் புல்லிலேயே கிடக்கும், எளிதில் மக்காது. மூடியில் துளையிட்ட சிறு டப்பாவைக் கூடையில் கட்டி, வெட்டிய முனைகளை அதற்குள் போடுங்கள். பழைய லீடர்களைக் குப்பையில் போடும்முன் விரல் நீளத்துக்கும் குறைவாக நறுக்கிவிடுங்கள். கண்ணியாகக் கிடந்தால் காக்கை, கொக்குக் காலில் மாட்டும்.